கரூர் வெளிச்சத்துக்கு வலப்பக்கம்

செப்டம்பர் 27, 2024, வெள்ளி. திருப்பூர்

இன்றைக்குத்தான் அந்த வால்வெள்ளி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. சுமார் 5.8 கோடி கிலோமீட்டர், கிட்டத்தட்ட புதன் கிரகம் சுற்றுகிற தூரம். பனியன் கம்பெனியில் உட்கார்ந்து ஷிப்மென்ட் தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, இதே நேரத்தில் அங்கே ஒரு பனிமலை வெயிலில் பொங்கிக்கொண்டிருக்கிறது என்கிற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது. வேலை ஓடவில்லை.

வால்வெள்ளியின் பெயர் சுச்சின்ஷான்-அட்லஸ், பட்டியலில் சி/2023 ஏ3. 2023 ஜனவரி 9-ஆம் தேதி சீனாவில் ஊதாமலை வானாய்வகத்துக்காரர்கள் முதலில் பிடித்தார்கள், சுச்சின்ஷான் என்றாலே ஊதா மலைதான். அப்புறம் பிப்ரவரி 22-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் இருக்கிற அட்லஸ் தொலைநோக்கியும் தனியாகக் கண்டுவிட்டதால் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. நான் ஒன்றரை வருடமாக இதைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறேன். இந்த ஜூலையில் செகனினா என்கிற மூத்த வானியலாளர், சூரியனை நெருங்குவதற்கு முன்பே இது நொறுங்கிப்போகும் என்று எழுதினார். வால்வெள்ளிகள் சிதறுவதைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் அதைப் படித்த அன்றைக்கு நிஜமாகவே மனசு கனத்துப்போனது. ஆனால் நொறுங்கவில்லை. விண்வெளி நிலையத்திலிருந்து விண்வெளி வீரர் மேத்யூ டொமினிக் எடுத்த படங்களில் வாலோடு முழுசாக நிற்கிறது.

இன்று அதிகாலை நாலேமுக்காலுக்கு மொட்டை மாடி ஏறினேன். கிழக்கே தெருவிளக்கு, அதற்கு அப்பால் ஒரு டையிங் பட்டறையின் ஃபோகஸ் லைட், அதற்கும் அப்பால் வானம் முழுக்க மஞ்சளும் வெள்ளையும் கலந்த புகை மாதிரி ஒரு வெளிச்சம். அடிவானத்திலிருந்து பதினைந்து பாகை வரைக்கும் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வால்வெள்ளி இருப்பதோ அந்தப் பதினைந்து பாகைக்குள்தான்.

கணக்கு இவ்வளவுதான். நம்ம ஊர்ப் பக்கம் அது கிழக்கில், கொஞ்சம் தெற்கே தள்ளி, நாலேமுக்கால் சுமாருக்கு எழுகிறது. ஐந்து மணியிலிருந்தே வானம் வெளுக்க ஆரம்பித்துவிடும், ஐந்தரைக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு நாளைக்கு அரைமணி நேரம், அந்த அரைமணியில் மேகம் இருக்கக்கூடாது, கிழக்கே விளக்கு இருக்கக்கூடாது, மலை, தோப்பு எதுவும் மறைக்கக்கூடாது. அக்டோபர் முதல் வாரத்துக்குள் சூரியனோடு போய்ச் சேர்ந்துவிடும். திங்களும் செவ்வாயும் லீவு சொல்லிவிட்டேன், புதன்கிழமை காந்தி ஜெயந்தி.

கேமரா பழசு, சின்ன அளவு சென்சார் (கிராப் சென்சார்). ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஒரு 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ். ட்ரைபாட் நல்ல கனமானது. வானத்தோடு சேர்ந்து சுழல்கிற ட்ராக்கர் என்னிடம் இல்லை.

செப்டம்பர் 28, சனி. குடிமங்கலம் பக்கம்

இரண்டரைக்கு வண்டியை எடுத்தேன். பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் போகப்போக மில்லும் விசைத்தறிக் குடோனும் குறைந்து வெறும் காடாகிறது. இந்தப் பக்கம் நிலம் தட்டையாக இருப்பதால் அடிவானம் நன்றாகத் தெரியும் என்று நினைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

அடிவானம் தெரிந்தது. அதோடு காற்றாலைகளும். பகலில் இந்த ரோட்டில் நூறு தடவை போயிருக்கிறேன், இரவில் இப்படி இருக்கும் என்று தெரியாது. ஒவ்வொன்றின் தலையிலும் விமானத்துக்காக ஒரு சிவப்பு விளக்கு, அவை அணைந்து அணைந்து எரியும்போது அடிவானம் முழுக்க யாரோ கண் சிமிட்டுவது போல இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சீசன் முடிகிற இந்த நேரத்திலும் விடவில்லை. ட்ரைபாட் ஆடியது. பையில் இரண்டு கல்லைப் போட்டு நடுத்தண்டில் கட்டித் தொங்கவிட்டேன், அப்புறம் நின்றது.

தலைக்கு மேல் வியாழன் பளிச்சென்று இருந்தது, திருவாதிரையும் கார்த்திகைக் கூட்டமும் அழகாகத் தெரிந்தன. கிழக்கில் மட்டும் அடிவானத்தை ஒட்டி ஒரு மேகக்கட்டு. சுவர் எழுப்பியது மாதிரி. நாலு ஐம்பதிலிருந்து ஐந்து நாற்பது வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதன் மேல்விளிம்பு சாம்பலாகி, ரோஜா நிறமாகி, கடைசியில் சூரியனே வந்துவிட்டது.

நடுவில் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். காட்டுக்குச் சொந்தக்காரர். கையில் தடி.

"யாருங்க அது? இந்நேரத்துல இங்க என்னங்க பண்றீங்க?"

ராத்திரியில் பட்டியிலிருந்து ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர் கேட்டதில் தப்பே இல்லை. வால்வெள்ளி என்று சொன்னேன். நம்பவில்லை. 250 லென்ஸை மாட்டி வியாழனைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன், பக்கத்தில் நிலாக்கள் புள்ளி புள்ளியாக ஒரே வரிசையில் இருந்தன. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். தடியை வரப்பில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் கிழக்கைக் காட்டி, "விடிவெள்ளியவே காணமுங்களே கொஞ்ச நாளா?" என்றார். சரியான கேள்வி. வெள்ளி இப்போது சாயங்கால நேரத்தில் மேற்கே தெரிகிறது, அதனால்தான் காலையில் இல்லை என்றேன். "அதானுங்களா, நான் மேக்கால பார்த்துட்டு வேறெதோன்னு இருந்தேன்" என்றார். தினமும் விடியலில் எழுந்து வானத்தைப் பார்க்கிறவர் அவர், நான் ஆப்பில் பார்த்துவிட்டு வந்தவன். மேகம் விலகினால் நாளைக்கும் வரச் சொன்னார்.

செப்டம்பர் 29, ஞாயிறு. ஊதியூர்

பார்த்துவிட்டேன்.

முதலில் அதை எழுதிவிடுகிறேன். காங்கயம்-தாராபுரம் ரோட்டில் ஊதியூர் மலைக்குக் கிழக்கே ஒரு மண் தடத்தில் நின்றேன். மலைமேல் ஏறலாம் என்ற ஆசை இருந்தது, ஆனால் அது காப்புக்காடு, ராத்திரி போகக்கூடாது, போகவும் இல்லை. ஐந்து எட்டுக்கு அடிவானத்துக்கு மேலே, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அரை முஷ்டி உயரத்தில், நட்சத்திரம் என்று நினைக்கமுடியாத ஏதோ ஒன்று. நட்சத்திரம் மினுக்கும், இது மினுக்கவில்லை. நேராகப் பார்த்தால் ஒரு மங்கிய புள்ளி, கண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் திருப்பினால் புள்ளிக்கு மேலே ஒரு கோடு எழுந்து நிற்கிறது, லேசாக வலப்பக்கம் சாய்ந்து. அவ்வளவுதான். எட்டு வயதில், 1997-ல், அப்பா தோளில் உட்கார்ந்து ஹேல்-பாப்பைப் பார்த்ததற்கு அப்புறம் நான் வெறும் கண்ணில் பார்க்கிற முதல் வால்வெள்ளி இது. தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். மொத்தம் எண்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் எண்பதும் ஃபோகஸ் இல்லை. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சின்ன வட்டத்தட்டு, வால்வெள்ளி ஒரு பஞ்சுப் பொதி. நாலு மணிக்கே சிரியஸ் நட்சத்திரத்தை வைத்து ஃபோகஸ் பண்ணியிருந்தேன், நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் இடம் மாற்றும்போது லென்ஸ் வளையம் பையில் உரசித் திரும்பியிருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அழகாகத் தெரியும், அதை நம்பிவிட்டேன். பெரிதாக்கிப் பார்க்க ஐந்து விநாடி போதும். அந்த ஐந்து விநாடியைச் செலவழிக்க மனசு வரவில்லை, வெளுத்துக்கொண்டே வந்தது.

நல்ல ஃபோகஸ் கிடைத்ததும் வளையத்தின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். பத்து ரூபாய் டேப். இடம் மாறினால் மறுபடி சோதியுங்கள். முதல் படத்தை எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

செப்டம்பர் 30, திங்கள். வெள்ளகோயில், முத்தூர் ரோடு

விடியலில் திருப்பூரில் தூறல். போகவில்லை. மத்தியானம் கிளம்பி அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊருக்கு வந்துவிட்டேன்.

இந்த யோசனை நேற்றே வந்திருக்கவேண்டும். வரைபடத்தைப் பாருங்கள், திருப்பூர் வெளிச்சம் மேற்கே முதுகுப்பக்கம் போய்விடுகிறது. கிழக்கே கரூர் மட்டும்தான், அதுவும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. கரூர் கிட்டத்தட்ட நேர் கிழக்கு, வால்வெள்ளி கிழக்கிலிருந்து தெற்கே ஐந்தாறு பாகை. அதாவது கரூர் வெளிச்சத்துக்கு வலப்பக்கம்.

சாயங்காலம் மாமாவோடு கொறங்காட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்திருக்கிற சொந்த நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கயம் மாடு உண்டானதே இதில் மேய்ந்துதான். மாடுகளை உள்ளே விட்டுக் கடவைச் சாத்திவிட்டால் ராத்திரியும் அங்கேயே படுத்துக்கொள்ளும். உழுவது கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது, அதனால் மோட்டார் கிடையாது, மோட்டார் இல்லாததால் கரண்ட் கம்பம் கிடையாது, கம்பம் இல்லாததால் விளக்கு கிடையாது. வேலி மார்பளவுதான், மரங்கள் எட்ட எட்ட நிற்கின்றன. இருட்டும் திறந்த அடிவானமும் இதைவிட ஒழுங்காக ஒரே இடத்தில் அமைந்து நான் பார்த்ததில்லை. மூன்று நாள் நூற்றைம்பது கிலோமீட்டர் அலைந்து தேடியது, சின்ன வயதில் நுங்கு வண்டி ஓட்டிய இடத்திலேயே இருந்திருக்கிறது.

பக்கத்தில் முன்பு இரண்டு கொறங்காடுகள் இருந்தன. ஒன்று தென்னந்தோப்பு ஆகிவிட்டது, இன்னொன்றில் கல் நட்டு சைட் போட்டிருக்கிறார்கள், முகப்பில் ராத்திரி முழுக்க எரிகிற விளக்கு. எனக்கு வயிறு எரிந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, கடவைச் சாத்திக் கயிறு போட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மிச்சி கேட்டார். எழுபத்திரண்டு வயது, இரண்டு வருடத்துக்கு முன்பு கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து தூரத்துப் பார்வை என்னைவிட நன்றாக இருக்கிறது.

"ஏங்கண்ணு, வால்வெள்ளி பாக்கறதுக்கா இத்தன தூரம் வந்த? நான் சின்னப்புள்ளைல பார்த்துருக்கறேன் சாமி."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

"எங்கய்யன் மாட்டக் கவலைல பூட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கறதுக்கு வெடியக்காலமே எந்திரிச்சுருவாரு. நான் வாய்க்கால்ல தண்ணி திருப்போணும். ஒரு நா கெழக்கால பார்த்தா, சீமாத்தத் தலகீழா நட்டு வெச்சாப்ல, வெள்ளையா நிக்குது. பனமரத்து ஒசரம். அடி கூராட்டம் இருக்குது, மேல போகப்போக விரிஞ்சிருக்குது. ஆகாதுன்னு சொல்லி எங்காத்தா வெளிய விடல. எங்கய்யன்தான், மாட்டுக்கு வால்வெள்ளி தெரியுமா, வெள்ளாமைக்குத் தெரியுமா, நீ வா தாயின்னு கூட்டிட்டுப் போனாரு."

எந்த வருடம் என்று கேட்டேன். வருடம் தெரியவில்லை. "பாகிஸ்தான் சண்ட முடிஞ்ச பொறவு. தீவாளி சமயம். தை பொறக்கறதுக்கு முந்தி சாஸ்திரி செத்துப்போனாரு, அதுக்குத்தான் வந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க."

இதற்கு மேல் என்ன வேண்டும்? 1965. இக்கேயா-செக்கி வால்வெள்ளி. அந்த வருடம் செப்டம்பர் 18-ஆம் தேதி ஜப்பானில் கவோரு இக்கேயா, சுடோமு செக்கி என்கிற இரண்டு அமெச்சூர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் சில நிமிட இடைவெளியில் கண்டுபிடித்தது. அக்டோபர் 21-ஆம் தேதி சூரியனின் மேற்பரப்பிலிருந்து நாலரை லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் உரசுவது போலப் போய்த் திரும்பியது, சூரியனுக்குப் பக்கத்தில் பட்டப்பகலிலேயே தெரிந்தது. மாதக் கடைசியிலிருந்து விடியலில் கிழக்கே நீண்ட வாலோடு நின்றது. சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தது 1966 ஜனவரி 11, தைக்கு மூன்று நாள் முன்பு. அம்மிச்சி சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே பொருந்துகிறது. பதின்மூன்று வயதில் தண்ணீர் திருப்பப் போனபோது பார்த்த ஒன்றை ஐம்பத்தொன்பது வருடம் கழித்து வால் சாய்ந்திருந்தது எந்தப் பக்கம் என்பது வரை கையால் காட்டுகிறார். நான் நேற்று எடுத்த எண்பது படத்தில் இந்தத் தெளிவு இல்லை.

போனில் இக்கேயா-செக்கியின் பழைய படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஆமா, இதுதான்" என்றார், பக்கத்து ஊர் மாமன் மகனை அடையாளம் சொல்வது மாதிரி.

நாளை காலை தன்னையும் எழுப்பச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 1, செவ்வாய். கொறங்காடு

நாலு மணிக்கு நான் மட்டும் முன்னால் போனேன். டார்ச் முகப்பில் சிவப்புப் பாலிதீன் தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன், சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காது. கடவைத் திறந்ததும் வெள்வேல மரத்தடியில் படுத்திருந்த மயிலை மாடு ஒன்று எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. கழுத்து மணி இரண்டு தடவை. அப்புறம் சத்தமே இல்லை. புல்லில் பனி இறங்கி பேன்ட் முழங்கால் வரை நனைந்துவிட்டது.

சிரியஸை வைத்து ஃபோகஸ். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, நட்சத்திரம் ஊசிமுனை ஆகிறவரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, டேப் ஒட்டி, மறுபடி பார்த்து, படம் எடுத்து, அதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸ் கண்ணாடியில் பனி படிகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தேன், இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது.

நாலேமுக்கால் இருக்கும், கரூர் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் முதலில் எழுந்தது நிலா. நாளை அமாவாசை, அதனால் நகத்தை வெட்டிப் போட்டது போன்ற கீற்று. இருண்ட பாகமும் மங்கலாகத் தெரிந்தது, பூமியின் வெளிச்சம் அங்கே பட்டுத் திரும்புவதால். நிலாவுக்கு வலப்பக்கம், சரியாக நினைத்த இடத்தில், ஐந்து மணிக்கு வால்வெள்ளியும் ஏறிவிட்டது. இன்றைக்குத் தேடவேண்டியிருக்கவில்லை. முதலில் வால்தான் தெரிந்தது, அப்புறம்தான் தலை.

50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.2, நாலு விநாடி, ஐஎஸ்ஓ 1600. என் கேமராவில் இந்த லென்ஸுக்கு ஆறு விநாடிக்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகிவிடும், நாலில் நின்றால் பாதுகாப்பு. கீழே கிளுவை வேலி, இடது ஓரத்தில் மரம். அந்த மரத்தின் கிளைகள் குடை மாதிரி பரந்து நிற்கும், வானத்துக்கு எதிரே கறுப்பாக அது தருகிற உருவத்தை நேற்றே பார்த்து வைத்திருந்தேன். இரண்டு விநாடி டைமர் வைத்தால் விரல் ஆட்டம் படத்தில் வராது. ஐந்தேகாலுக்கு வானம் கருநீலத்திலிருந்து நீலத்துக்கு மாற ஆரம்பித்ததும் இரண்டு விநாடி, ஐஎஸ்ஓ 800 என்று இறக்கிக்கொண்டேன். நடுவில் 55-250-ஐ மாட்டி நூறு மி.மீ.யில் வைத்து, வால்வெள்ளியை மட்டும் அறுபது படம் விடாமல் எடுத்தேன், ஒவ்வொன்றும் இரண்டு விநாடி. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மணல் தூவியது போல இரைச்சலாக இருக்கும், அறுபதையும் நட்சத்திரங்களை வைத்துப் பொருத்தி அடுக்கினால் மணல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் வால் மட்டும் மிஞ்சும். ட்ராக்கர் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி.

ஐந்து பத்துக்கு மாமா அம்மிச்சியைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். மாமா கையில் வெள்ளை டார்ச்.

"மாமா, லைட்டை அணைச்சுருங்க."

"அம்மா விழுந்துருவாங்க மாப்ள."

"நான் விழுகுல. நீ அணை," என்றார் அம்மிச்சி.

அணைத்தார். வேலி ஓரம் மூன்று பேரும் நின்றோம். கண் பழகட்டும், அப்புறம் காட்டுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அம்மிச்சி கையை நீட்டிவிட்டார். "அக்கட்டால நிக்குதே, அதுதான?"

அதுவேதான். மாமாவுக்கு அப்புறமும் இரண்டு நிமிடம் ஆனது.

"சின்னதா இருக்குது கண்ணு," என்றார் அம்மிச்சி. "அது சீமாறு. இது சீமாத்துக் குச்சி ஒண்ணு." ஆனால் பார்வையை எடுக்கவில்லை. முந்தானையால் காதை மூடிக்கொண்டு, வேலிக் கிளுவை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கய்யன் இங்கதான் எங்கியோ நிக்கற மாதர இருக்குது," என்றார்.

அப்போதுதான் கேமராவைத் தூக்கிப் பத்தடி பின்னால் வைத்தேன். மறுபடி ஃபோகஸ் பார்த்தேன், டேப் நகரவில்லை. "அம்மிச்சி, ரெண்டு செகண்டு அசையாம நில்லுங்க." மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஷட்டர் மூடிய சத்தம் கேட்டதும் விட்டார், அது எனக்குக் கேட்டது. மூன்று படம். மூன்றாவதில் எல்லாம் இருக்கிறது: வேலி, முந்தானை போர்த்திய உருவம், அதற்கு வலப்பக்கம் மேலே கோடு.

இப்போது மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அடுக்கி முடித்துவிட்டேன். வெறும் கண்ணுக்கு இரண்டு பாகை போலத் தெரிந்த வால், படத்தில் சட்டத்தின் மேல்விளிம்பை நோக்கி நீண்டுகொண்டே போகிறது. தலைக்குப் பக்கத்தில் லேசான மஞ்சள், தூசியின் நிறம். 1949-ல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த நம்ம வைனு பாப்பு, தொலைநோக்கியில் எடுத்த படத்தட்டில் ஒரு புதிய வால்வெள்ளியைக் கண்டார், அதற்கு பாப்பு-பாக்-நியூகிர்க் என்று பெயர். பின்னால் ஜவ்வாதுமலைக் காவலூரில் வானாய்வகம் எழுப்பியவர் அவர்தான். ஈரமான கண்ணாடித் தட்டில் அவருக்கு அந்தப் புகைக்கோடு தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் கொஞ்சம் புரிகிறது. எனக்கு அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், அப்படியும் அறுபது படம் ஒன்றாகிக் கோடு வெளியே வந்தபோது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 2, புதன். கொடுமுடி

மகாளய அமாவாசை. மாமா அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) திதி கொடுக்கக் கொடுமுடி போகவேண்டும், நாலு மணிக்குக் கார் கிளம்பியது, அம்மிச்சியும் வந்தார். ஐந்து மணிக்கெல்லாம் அங்கே இருந்தோம்.

கொடுமுடி காவிரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. படித்துறையில் நின்றால் முகம் நேரே கிழக்கு, எதிரில் தண்ணீர், அதற்கப்பால் நாமக்கல் மாவட்டத்துத் தென்னைகள். ஆனால் அமாவாசைக் கூட்டத்துக்காகப் படித்துறை முழுக்க விளக்குப் போட்டிருந்தார்கள், பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான். படம் எடுக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு, கூட்டத்தைத் தாண்டி ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம், ஒரு மதில் நிழல் விழுகிற இடம் வரை. அங்கிருந்து பார்த்தால் தென்னந்தலைகளுக்குக் கொஞ்சம் மேலே, நேற்றைக்கு இருந்ததைவிடக் கீழே, மங்கலாக இருந்தது. நிலா இல்லை. ஆற்றின் மேல் பனி படலமாக நின்றதால் வால் பாதிதான் தெரிந்தது. மூன்று படம் எடுத்தேன், கையில் பிடித்தே, சுமாராக வந்திருக்கிறது.

"மறுபடி எப்பக் கண்ணு வரும்?"

சாயங்காலம் வரும் அம்மிச்சி, என்றேன். இன்னும் ஏழெட்டு நாளில் சூரியனுக்கும் நமக்கும் நடுவே கடந்து போகும், அப்போது பின்னாலிருந்து வெயில் படுவதால் அதன் தூசி இன்னும் பளபளக்கும், ஆனால் சூரியனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நாம் பார்க்கமுடியாது. 12-ஆம் தேதி நமக்கு மிகப் பக்கத்தில் வருகிறது, ஏழு கோடி கிலோமீட்டர். அதிலிருந்து பொழுது சாய்ந்ததும் மேற்கே, வெள்ளிக்கு வலப்பக்கமாக, தினமும் மேலே மேலே ஏறும். அதற்கப்புறம் போனால் போனதுதான், இந்தப் பக்கம் திரும்புமா என்பதே சந்தேகம்.

மாமா ஈர வேட்டியோடு வந்து சேர்ந்தார். பிண்டம் கரைத்த கையைத் துடைத்துக்கொண்டே, எங்கே என்று கேட்டார், காட்டினேன், அதற்குள் வெளுத்துவிட்டது. பரவாயில்லை என்றார், நேற்றுப் பார்த்துவிட்டாரே.

திரும்பி வரும்போது காரில் அவரே ஆரம்பித்தார். "மேக்கால பாக்கோணும்னா கொறங்காடு ஆகாது மாப்ள, சைட்டு லைட்டு அந்தப்பக்கம். வட்டமலைக்கரை அணைக்குப் போயிருவோம். கரைமேல நின்னா மேக்கால முச்சூடும் அணைப்படுகைதான், ஒரு லைட்டு கெடையாது."

13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி மழை அதற்குள் பிடித்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும். டேப்பை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை.